வயிற்றுவலி என்று எழுதிய குமாஸ்தா

மொரீஷியஸ் சுதந்திரம் அடைவதற்கு ஆறேழு வருஷம் முன்னால், ட்ரியோலேக்குப் பக்கத்தில் ஒரு சுகாதார அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். குமாஸ்தா என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. கழுத்தில் டை, கால்சட்டை சைக்கிள் சங்கிலியில் மாட்டாமலிருக்க இரண்டு கிளிப், மழையோ வெயிலோ கையில் ஒரு குடை. தெருவில் நான் வந்தால் கரும்புத் தோட்டத்து ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு சைக்கிள் நேராக ஓட்டத் தெரியாததால்தான் ஒதுங்கினார்கள் என்று என் மனைவி பல வருஷம் கழித்துச் சொன்னாள்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வருகிறவர்கள் எல்லாரும் பேசியது கிரியோல். எங்கள் ஊரில் தமிழ் கோயிலோடு நின்றுவிட்ட பாஷை. என் மாமனார் வீடு மட்டும் மதராசிலிருந்து வியாபாரத்துக்கு வந்த குடும்பம். அங்கே காலையிலிருந்து மாலைவரை தமிழில்தான் சண்டை போடுவார்கள். அங்கே வாங்கிக் கட்டிக்கொண்ட தமிழில்தான் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் மாமியாரைக் கேளுங்கள்.

பெரும்புயல் வீடுகளைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன மறுவருஷம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்தார். நல்ல மனுஷன், கெட்டிக்காரர், ஊர் புதுசு. எங்கள் பக்கத்தில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் அதிகமாகிறார்களே, ஏன் என்று அவருக்குத் தெரியவேண்டும். அதற்காக ஒரு படிவம் தயார் செய்தார். செத்தவர் பெயர், வயது, மதம், காரணம், வேறு குறிப்புகள். போலீஸ் பெயரை மட்டும் எழுதி அனுப்பும்; ஒவ்வொரு வீட்டுக்கும் போய் விசாரித்து மற்றதை நிரப்ப ஆள் வேண்டும். ஊர்க்காரனாக இருக்கவேண்டும், இங்கிலீஷும் நன்றாக எழுதவேண்டும். அலுவலகத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன், அடக்கமாக இருக்கிறேன் என்று காட்டிக்கொள்ள.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அப்படி ஒரு சாவு வீட்டில் நடந்துவிட்டால் காரணம் என்னவென்று யாரும் சொல்லமாட்டார்கள். "வயிற்றுவலி. தாங்க முடியல" என்பார்கள். அவ்வளவுதான். வந்தவரும் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடிக்கவேண்டும். தானாகத் தேடிக்கொண்ட சாவு என்றால் கோயில் பூசாரி பதினாறாம் நாள் காரியத்துக்கு வர யோசிப்பார். வயிற்றுவலி என்றால் அது தலைவிதி, பாவம், வந்து மணியடித்துவிட்டுப் போவார். எங்களிலேயே கத்தோலிக்கராகப் போன குடும்பங்களிலும் இதே கதைதான். அங்கே பூசாரிக்குப் பதில் பாதிரியார். நம் முன்னோர்கள் கப்பலில் கொண்டுவந்த சாமான்களில் சட்டி, அம்மி, முருகன் படத்தோடு இந்தப் பொய்யும் பத்திரமாக வந்து இறங்கியிருக்கிறது.

நான் வீடு வீடாகப் போனேன். போன இடமெல்லாம் முந்தானையால் துடைத்து ஒரு நாற்காலி போட்டார்கள். சர்க்கரை தாராளமாகப் போட்ட டீ வந்தது. "என்னம்மா ஆச்சு?" என்று கேட்பேன். "வயிற்றுவலி, ஐயா." எழுதிக்கொள்வேன். அடுத்த வீடு. "வயிற்றுவலி." எழுதிக்கொள்வேன். ரோஷ் புவாவிலிருந்து குடிவந்த ஒரு கத்தோலிக்கத் தாய் மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொன்னாள்: "ரொம்ப நாளா வயிற்றுவலி." அதையும் எழுதிக்கொண்டேன்.

பொய் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எந்தத் தமிழனுக்கும் தெரியும். ஆனால் துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "பொய் சொல்லாதீங்கம்மா" என்று எப்படிச் சொல்வது? என்னை அப்படி வளர்க்கவில்லை. எழுதினால் என்ன, படிக்கிறவர் புரிந்துகொள்ளமாட்டாரா என்று நினைத்தேன். படிக்கப்போகிறவர் இங்கிலாந்தில் பிறந்தவர் என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

என் கண்ணிலும் சிலது படத்தான் செய்தது. நான் போன வீடுகளில் முக்கால்வாசியில் பகல் பதினோரு மணிக்கு ஆம்பிளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கரும்பு வெட்டு மார்கழியோடு முடிந்துவிடும். அப்புறம் ஆனி வரைக்கும் வேலை கிடையாது. எங்கள் ஊரில் அதற்கு ஆந்த்ரகூப் என்று பெயர். நிரந்தர ஆட்களைத் தோட்டம் வைத்துக்கொள்ளும், மற்றவர்களைப் போய் வா என்று சொல்லிவிடும். நான் நிரப்பின படிவங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஆறு மாதத்துச் சாவுகள். அதை எழுத ஓர் இடம்கூட இருந்தது, வேறு குறிப்புகள் என்று. அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? இந்தத் தெருவில் நாய்த்தொல்லை அதிகம், சைக்கிளில் வருகிற அரசாங்க ஊழியர்களுக்கு ஆபத்து. நல்ல இங்கிலீஷில், முத்து முத்தான கையெழுத்தில்.

படிவக் கட்டைப் படித்துவிட்டு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். முகம் பளபளவென்று இருந்தது. சுவரில் ஊர் வரைபடம், அதில் நான் போன வீடுகளுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி. இத்தனை வீட்டில் ஒரே வியாதி என்றால் இது தண்ணீரில்தான் இருக்கவேண்டும், கிணறுகள் கெட்டுக் கிடக்கின்றன, வயிற்று நோய் வந்து வலி தாங்காமல்தான் ஜனங்கள் உயிரை விடுகிறார்கள் என்றார். வாயைத் திறந்தேன், உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று. அதற்குள், "இதை இவ்வளவு அக்கறையாக விசாரித்த முதல் ஆள் நீங்கள்தான்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டர் விடாப்பிடியானவர். மேலிடத்துக்கு எழுதி எழுதி, அடுத்த வெட்டு முடிவதற்குள் உத்தரவே வாங்கிவிட்டார். எங்கள் சுற்றுவட்டாரத்தில் உள்ள கிணறு, தொட்டி, வாய்க்கால் எல்லாவற்றையும் தூர் வாரிச் சுத்தம் பண்ணவேண்டும். வேலையில்லாத ஆட்களிலிருந்து இருபது பேரைப் பொறுக்கவேண்டும். பொறுக்குகிற பொறுப்பு எனக்கு.

விஷயம் தெரிந்த அன்றே என் அக்கா அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, ஆனால் அலுவலகத்துக்கு அவள் வந்ததே கிடையாது. அவள் புருஷன், என் அத்தான், கரும்பு வெட்டுகிற ஆள். நிரந்தரப் பட்டியலில் கிடையாது. வெட்டு முடிந்ததும் சர்தார், அதாவது தோட்டத்து மேஸ்திரி, கைகாட்டி அனுப்பிவிட்டான். வியாபாரி வீட்டு மாப்பிள்ளையான எனக்கு அந்த அத்தானைப் பற்றிப் பேசவே கூச்சம். அவருக்குச் சோம்பல் என்று மாமனார் வீட்டில் நானே சொல்லியிருக்கிறேன்.

"அவரையும் சேர்த்துக்கோடா" என்றாள் அக்கா.

"கிணத்துல இறங்கிச் சேறு அள்ளணும் அக்கா. என் அத்தான்னு ஊருக்கே தெரியும். எனக்கு எப்படி இருக்கும்?"

"உனக்கு எப்படியோ இருக்கட்டும். அவரு பேசறதில்ல. சவரம் பண்றதில்ல. நான் இருந்து என்ன பிரயோசனம்னு கேக்கறாரு. தனியா விட்டுட்டு வரப் பயமா இருக்கு, இப்பக்கூடப் பக்கத்து வீட்டு ஆளை உட்கார வச்சுட்டுத்தான் வந்திருக்கேன். உங்க டாக்டர் படிவத்துல இவரு பேரையும் எழுத வச்சுடாதே." சொல்லிவிட்டு அழுதாள். அலுவலகமே பார்த்தது. அவளை அங்கிருந்து கிளப்பவேண்டுமே என்றுதான் பட்டியலில் அத்தான் பெயரை எழுதினேன். அன்பினால் எழுதினேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் இந்த வயதில் பொய் எதற்கு?

வேலை ஆரம்பித்தது. தையிலிருந்து வைகாசிவரை இருபது பேரும் இடுப்பளவு சேற்றில் நின்றார்கள். நான் மேலே குடையோடு நின்றேன், மேற்பார்வையாம். அவர்களில் ஒருவர் கிணற்றுக்குள் இறங்கினால் பாட ஆரம்பித்துவிடுவார். காவடிப் பாட்டு, நடுவில் கிரியோல்காரர்கள் ஆடிப் பாடுகிற சேகாப் பாட்டு, இரண்டையும் சேர்த்து அவரே கட்டின ஒரு கலவை. கிணற்றுக்குள் குரல் நன்றாக எடுக்கும். மேலே வந்தால் சுருதி சேராது. "உன்னைக் கிணத்துலயே குடிவச்சிடலாம்" என்று மற்றவர்கள் கேலி பண்ணுவார்கள். குடையோடு வழுக்கி நான் சேற்றில் விழுந்த அன்றைக்கு என்னைத் தூக்கிவிட்டவரும் அவர்தான். தூக்கிவிட்டு, அதற்கும் ஒரு பாட்டுக் கட்டினார். ஊர்ப் பிள்ளைகள் ஒரு மாதம் அதைப் பாடிக்கொண்டு என் சைக்கிள் பின்னால் ஓடினார்கள்.

அத்தான் முதல் வாரம் யாரோடும் பேசவில்லை. இரண்டாம் வாரம் சவரம் பண்ணிக்கொண்டு வந்தார். ஒரு நாள் அக்கா வழியில் என்னை நிறுத்தி, "நேத்து கறியில உப்பு பத்தலைன்னு சண்டை போட்டாருடா" என்றாள். புருஷன் சண்டை போட்டதற்கு ஒரு பெண் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த ஆந்த்ரகூப் முழுக்க, தண்ணீர் சுத்தம் பண்ணின ஊர்களில் நான் ஒரு படிவம்கூட நிரப்பவில்லை.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தீர்களா, தண்ணீர்தான், தண்ணீரேதான் என்றார். ஒரு கட்டுரை எழுதி லண்டனுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். ஆம், ஆம் என்று நானும் தலையாட்டினேன். அந்தக் கட்டுரையில் என் பெயரும் வரும் என்று மாமனார் வீட்டில் சொல்லியாகிவிட்டது. மாமியார் அன்றைக்கு எனக்கு இரண்டு வடை கூடப் போட்டாள்.

வெட்டு வந்தது, எல்லாரும் கரும்புக்குப் போனார்கள். வெட்டு முடிந்தது, மறுபடி தை. மறுபடியும் தூர் வாரலாம் என்று டாக்டர் நினைத்துக்கொண்டிருந்தார்; அடியில் வியாதி மிச்சம் இருக்கலாமாம். இருபது பேர் பட்டியலும் தயார். அந்த வாரம்தான் கட்டுரை தட்டச்சுக்கு வந்தது. தட்டச்சு பண்ணினவன் நான். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடினேன். டாக்டர் பெயர் இருந்தது, தண்ணீரைச் சோதித்தவர் பெயர் இருந்தது. என்னைப் பற்றி, ஒரு உள்ளூர் குமாஸ்தா என்று இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் என் மனசாட்சி விழித்துக்கொண்டது. ஒரு வருஷம் அசையாமல் தூங்கின மனசாட்சி. நேராக டாக்டர் அறைக்குப் போனேன். வயிற்றுவலி எங்கள் ஜனங்கள் சொல்கிற பொய், தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வேலையில்லாத மாதங்களில்தான் சாகிறார்கள், போன வருஷம் அவர்களைக் காப்பாற்றியது சுத்தத் தண்ணீர் இல்லை, வேலை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். கையை நீட்டி நீட்டிப் பேசினேன். நானே ஒரு கட்டுரை எழுதலாம் என்றுகூட நடுவில் ஒரு எண்ணம் ஓடியது. உண்மை தெரிந்தால் டாக்டர் துள்ளி எழுந்து இருபதை இருநூறு ஆக்குவார் என்று நினைத்தேன்.

டாக்டர் கட்டுரையை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். அப்புறம் வருத்தத்தோடு சொன்னார்: "தண்ணீர் என் இலாகா. வேலை என் இலாகா இல்லை. கிணற்றில் கோளாறு இல்லையென்றால் தூர் வார என்னால் பணம் கேட்க முடியாது." வேலை இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதுவதாகச் சொன்னார். எழுதவும் எழுதினார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது தவளை, கெட்டது இருபது வீடு. பொய்யாக எழுதினபோது சோறு கிடைத்தது, உண்மையைச் சொன்னதும் நின்றுபோனது. பட்டியலில் இருந்தவர்களுக்கு வேலை இல்லை என்று கடிதம் எழுதினவனும் நான்தான். சுற்றி வளைத்து, ரொம்ப மரியாதையாக எழுதினேன்.

மூன்றாம் நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். பயத்தில் போனேன். அத்தான் வீட்டுக்குப் பின்னால் கல் குவியல் மேல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் நாலு நாள் தாடி. பக்கத்தில் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் வெயிலைப் பற்றிப் பேசினேன், நாய்த்தொல்லையைப் பற்றிப் பேசினேன். அத்தனை வீடு ஏறி இறங்கி, அத்தனை படிவம் நிரப்பின எனக்கு, உயிரோடு இருக்கிற ஒரு மனுஷனிடம் இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில் கேட்டுவிட்டேன்.

"அத்தான், செத்துடலாம்னு நினைக்கிறீங்களா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"நினைக்கறேன் மச்சான்" என்றார். "கடிதாசி வந்ததுலேர்ந்து நினைக்கறேன். யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்துச்சு." கொஞ்சம் பொறுத்து, "அக்காகிட்ட சொல்லாதே" என்றார்.

"சொல்லுவேன்" என்றேன். அங்கிருந்தே அக்காவைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் மாவுக் கையோடு ஓடிவந்தாள். மூன்று பேரும் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து அழுதோம். என் டை நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது, அத்தான் அதைப் பார்த்து அந்த அழுகையிலும் சிரித்தார். அன்றிலிருந்து ஒரு வாரம் நான் அங்கேதான் படுத்தேன். என் குறட்டையில் அவர் தூங்கவில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலை டாக்டர் அறை வாசலில் நின்றேன். இந்தத் தடவை கை நீட்டிப் பேசவில்லை. என் அக்கா புருஷன், இன்னும் பதினைந்து நாள் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், எதையாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். மருந்தகத்தில் கூட்டிப் பெருக்கித் தோட்டம் பார்க்க ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. டாக்டர் அன்றே கையெழுத்துப் போட்டார். கேட்டால் கொடுக்கிற மனுஷன் அவர். நான் ஒரே ஒருவருக்குத்தான் கேட்டேன்.

உத்தரவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் கேட் பக்கத்தில் அந்தப் பாட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். "எனக்கும் ஏதாவது இருக்குமா, ஐயா?" என்று கேட்டார். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றேன். கையில் காகிதம், மனசு முழுக்க அக்கா வீடு. முந்தின நாள்தான் அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டிருந்தேன். அதே கேள்வியை இவரிடமும் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. சைக்கிளில் ஏறிப் போய்விட்டேன்.

அத்தான் மருந்தகத்தில் சேர்ந்தார். வாசலில் செம்பருத்தி வைத்தார், நோயாளிகளை அதட்டினார், சீக்கிரமே டாக்டரைவிட அவருக்குத்தான் ஜனங்கள் பயந்தார்கள். காவடி முடிந்து கோயிலில் ஏழு கறிச் சாப்பாட்டுக்கு நானும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். ரசத்தில் புளிப்பு அதிகம் என்று அவர் குறை சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து என் மேஜையில் ஒரு படிவம் இருந்தது. மேலே போலீஸ்காரர் எழுதியிருந்த பெயரைப் பார்த்தேன். அந்தப் பாட்டுக்காரர்.

அவர் வீடு ஊர் எல்லையில், தகரக் கூரை. போகாமல் இருக்க என்னென்னவோ காரணம் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ கொடுத்தாள். பேனாவைத் திறந்தேன், கேட்க வாய் வரவில்லை. அவளே சொன்னாள்.

"வேலை இல்ல, ஐயா. அதான். அப்படியே எழுதிக்கோங்க."

எழுதினேன். எழுதி முடிக்கிறவரை அவள் காத்திருந்தாள். நான் எழுந்து குடையை எடுத்ததும் வாசல்வரை வந்து, "உங்க அத்தானுக்கு வேலை கெடைச்சிடுச்சாமே. அக்கா சொன்னாங்க. நல்லா இருக்கட்டும்" என்றாள்.

அதை அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. குத்திக்காட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் எனக்கு ஆறியிருக்கும்.